மொட்டைமாடி சோலார்: போட்டுக் கொடுத்தவரோடு தகராறு வந்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் பில்லைக் குறைக்க மாடியில் சோலார் போடும் வீடுகள் தமிழ்நாட்டில் பெருகியிருக்கின்றன. 2024 பிப்ரவரியில், வீட்டுமாடிச் சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தபிறகு தெருவுக்குத் தெரு புதிய வெண்டர்கள் வந்திருக்கிறார்கள். நன்றாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் முன்பணம் வாங்கும்வரை தினமும் போன் செய்துவிட்டு, பேனல் ஏறியதும் போனை எடுக்காதவர்களும் உண்டு. கேள்விகள் வீட்டுச் சோலாரைப் பற்றியவை, பெரும்பாலும் 3 கிலோவாட் அளவிலானவை.

3 கிலோவாட் போட்டிருக்கிறேன். இன்வெர்ட்டரில் 2.4-க்கு மேல் காட்டுவதே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பேனலின் வாட் அளவு, பேனல் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் வெயிலில் செல் 60, 65 டிகிரி வரை சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். 40 டிகிரி கூடினால் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். தூசி, கேபிள், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் நடுப்பகலில் 2.3 முதல் 2.6 கிலோவாட் என்பது நியாயமான அளவுதான்.

சண்டைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது ஒரு நாளின் மொத்த யூனிட். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் என்பது நம் மாநிலத்தின் ஆண்டுச் சராசரிக் கணக்கு. 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் 3 யூனிட்கூட வராமல் போகலாம், பங்குனி வெயிலில் 14 தாண்டும். அதனால் மழைக்கால பில்லை வைத்துக்கொண்டு புகார் எழுதாதீர்கள்.

அப்படியானால் உண்மையிலேயே குறைவு என்று எப்படிக் காட்டுவது?

காலையில் வெயில் ஏறுமுன் பேனலைக் கழுவிவிட்டு, மேகமில்லாத 7 நாட்கள் இன்வெர்ட்டர் ஆப்பில் காட்டும் யூனிட்டை எழுதுங்கள். தினமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு கணக்கு. பேனல்களின் மொத்த வாட் அளவை எடுங்கள். 545 வாட் பேனல் 6 என்றால் 3.27 கிலோவாட். தெளிந்த கோடை நாளில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் சுமார் 6 மணி. 3.27-ஐ 6-ஆல் பெருக்கி, அதில் 75 சதவீதம் எடுத்தால் 14.7 யூனிட். இந்த 75 சதவீதம் வீட்டுக்காரர் கற்பனையாகக் கேட்பதல்ல. அரசுத் திட்டத்தில் வீட்டுக்காரரும் வெண்டரும் கையெழுத்திடும் மாதிரி ஒப்பந்தத்திலேயே, இயக்கிவைக்கும்போது செயல்திறன் விகிதம் 75 சதவீதம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சுத்தமான பேனல், தெளிந்த வானம், இருந்தும் தொடர்ந்து 11 யூனிட்டைத் தாண்டவில்லை என்றால் கோளாறு இருக்கிறது.

கோளாறு பெரும்பாலும் சில இடங்களில்தான் ஒளிந்திருக்கும். முதலாவது நிழல். பேனல்கள் வரிசையாக ஒரே சரமாக இணைந்திருப்பதால், ஒன்றின்மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னை மட்டையின் நிழலோ விழுந்தால் அந்தப் பேனலின் அளவைவிட அதிகமான இழப்பு வரலாம். காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியைப் படம் எடுங்கள். இடத்தைப் பார்த்து அளந்துவிட்டுத்தான் வெண்டர் கொட்டேஷன் கொடுத்தார் என்றால், நிழல் விழும் இடத்தில் போட்டது அவர் பொறுப்பு. தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்கிறதா என்று போனில் உள்ள திசைகாட்டியிலும் சாய்வுமானியிலுமே பார்க்கலாம்.

அடுத்தது இன்வெர்ட்டர் காட்டும் டிசி வோல்ட், அதாவது பேனல் பக்கத்து வோல்டேஜ். மேலே சொன்ன 6 பேனல் சரத்தில், ஓடும்போது சுமார் 210 முதல் 250 வோல்ட் வரும். ஒரே மாதிரி வெயிலில் முன்பு இருந்ததைவிட 12, 13 வோல்ட் குறைந்து நின்றால் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை, அதன் பைபாஸ் டயோடு போயிருக்கலாம். 36 முதல் 40 வோல்ட் குறைந்தால் ஒரு முழுப் பேனலே சேரவில்லை. இந்த எண்களை இன்வெர்ட்டர் திரையிலோ ஆப்பிலோ மட்டும் பாருங்கள். பேனல் கனெக்டரை நீங்கள் பிடுங்கிப் பார்க்கவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் டிசி கேபிளைப் பிரித்தால் தீப்பொறி அணையாமல் எரியும், கை வெந்துவிடும்.

மூன்றாவது, வெயில் உச்சியில் இருக்கும்போது இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுவது. லைன் வோல்டேஜ் வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே விலகிக்கொள்ளும். தெரு லைனிலேயே வோல்டேஜ் அதிகம் என்றால் அது மின்வாரியத்தின் வேலை. மாடியிலிருந்து மீட்டர்வரை மெல்லிய ஏசி கேபிள் போட்டிருந்தால் அது வெண்டரின் தவறு. 3 கிலோவாட்டுக்கு சுமார் 13 ஆம்பியர் ஓடும். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போட்டால் இன்வெர்ட்டர் பக்கம் வோல்டேஜ் 6 வோல்ட் அளவுக்கு ஏறும், 4 சதுர மி.மீ. போட்டால் சுமார் மூன்றரை வோல்ட். மீட்டரிலும் இன்வெர்ட்டரிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜை அளந்தால் யார் பொறுப்பு என்பது தெரிந்துவிடும்.

சோலார் ஓடுகிறது, யூனிட்டும் வருகிறது. ஆனால் பில் குறையவில்லை, கூடியிருக்கிறது!

முதலில் மீட்டரைப் பாருங்கள். நெட் மீட்டர் எனும் இருவழி மீட்டரை மாட்டுமுன்னே சோலாரை ஓட்டிவிட்டார்களா? பழைய ஒருவழி மீட்டர்கள் பலவற்றில், நீங்கள் வெளியே அனுப்பும் மின்சாரமும் வாங்கிய மின்சாரமாகவே பதிவாகும். "சும்மா ஆன் பண்ணிப் பார்ப்போம் சார்" என்று சொல்லி ஒரு மாதம் ஓடவிட்ட வீடுகளில் இதுதான் நடக்கிறது. நெட் மீட்டர் மாட்டும்வரை இன்வெர்ட்டர் ஓடக் கூடாது. வெண்டர் ஓட்டச் சொல்லியிருந்தால் அந்தத் தேதியும் வாட்ஸ்அப் செய்தியும் உங்களுக்குச் சான்று.

இருவழி மீட்டர் மாட்டியபிறகும் குழப்பம் வருவதுண்டு. இன்வெர்ட்டர் 720 யூனிட் காட்டும், மீட்டர் ஏற்றுமதி 450 என்று காட்டும். 270 யூனிட் திருடு போய்விடவில்லை, அதைப் பகலில் உங்கள் வீடே எடுத்துக்கொண்டது. இரவில் வாரியத்திடமிருந்து 400 வாங்கியிருந்தால் உங்கள் மொத்தச் செலவு 270-உம் 400-உம் சேர்ந்து 670. சோலார் வந்துவிட்டது என்ற தைரியத்தில் இன்னொரு ஏசி மாட்டினால் பில் குறையாது, அதற்கு வெண்டரைக் குற்றம் சொல்ல முடியாது.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பேட்டரி இல்லாமலே ஓடும் என்றார்களே?

பேட்டரி இல்லாமல் வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் நிற்கத்தான் வேண்டும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. பழுது இல்லை. ஆனால் "கரண்ட் போனாலும் ஓடும்" என்று எழுத்தில் சொல்லி விற்றிருந்தால் அது தவறான வாக்குறுதி, அதற்காகப் புகார் தரலாம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் நிரூபிப்பது கடினம்.

கொட்டேஷனில் சொன்ன பேனல் வேறு, மாட்டியது வேறு என்று சந்தேகம்.

பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் மாடல், வாட், வரிசை எண் எல்லாம் இருக்கும். பேனலைத் தாங்கும் சட்டத்தில் (ஸ்டாண்டில்) ஏற்றியபிறகு அதைப் பார்ப்பது சிரமம் என்பதால், வண்டியிலிருந்து இறக்கியவுடனே ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள் என்றால் சட்டத்தின் அடியில் போனை நீட்டிப் படம் எடுக்கலாம். அந்த எண்களை ஜிஎஸ்டி பில்லோடும் உத்தரவாதச் சான்றோடும் ஒப்பிடுங்கள்.

மானியம் வேண்டுமென்றால் செல், பேனல் இரண்டும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். சந்தையில் டிசிஆர் பேனல் என்பார்கள். வெளிநாட்டுச் செல் போட்ட பேனல் விலை குறைவு. டிசிஆர் விலை வாங்கிக்கொண்டு மற்றதை மாட்டுவது வெறும் தரக்குறைவு அல்ல, உங்கள் பெயரில் பொய்யான மானிய விண்ணப்பம் போகிறது என்று பொருள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேனலை மாற்றித் தரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

சட்டம் அடித்தபிறகு சீலிங் ஒழுகுகிறது. "உங்கள் மாடி பழையது" என்கிறார்.

இதுதான் பணத்தையும் மன நிம்மதியையும் அதிகம் தின்னும் தகராறு. நம் வீடுகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதன்மேல் தட்டோடு எனும் தட்டை ஓடு. தட்டோட்டைத் துளைத்து கான்கிரீட்டில் போல்ட் இறக்கும்போது நீர் இறங்க வழி திறந்துவிடுகிறது. அப்படி இறங்கும் நீர் சுருக்கிக்குள் பரவி, ஓட்டை ஒரு மூலையிலும் ஒழுகல் வேறு அறையிலுமாக வெளிப்படும். "நான் துளைத்த இடம் அதுவல்ல" என்று வெண்டர் சொல்வது இதனால்தான் பொருந்துவதுபோல் தோன்றுகிறது.

சோதித்துக் காட்டலாம். மழையில்லாத நாளாகப் பார்த்து, சட்டத்தின் ஒரு காலைச் சுற்றி செங்கல்லும் சிமெண்ட் கலவையும் வைத்துப் பாத்தி கட்டி, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 24 முதல் 48 மணி நேரம் விட்டு, கீழே சீலிங்கில் ஈரம் படர்வதைத் தேதியோடு படம் எடுங்கள். பிறகு அடுத்த கால். எல்லாக் காலையும் ஒரே நேரத்தில் செய்தால் எது காரணம் என்று தெரியாது. வெண்டருக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பி, வரச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. வராவிட்டால் அதுவும் பதிவாகிவிடும்.

போல்ட்டைச் சுற்றி சிலிக்கான் பூசிவிட்டுப் போவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளடைவில் அது கழன்றுவிடலாம். சரியான வேலை என்பது, போல்ட்டை எடுத்து, சுற்றிலும் ஓரடிச் சதுரத்துக்குத் தட்டோட்டைப் பெயர்த்து, துளையைச் சுருங்காத கிரவுட் (நிரப்பும் கலவை) போட்டு நிரப்பி, நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, மீண்டும் ஓடு பதிப்பது. அதன்பின் சட்டக் கால்கள் கான்கிரீட் கட்டைகளின்மேல் நிற்க வேண்டும். ஒரு அடிக் கனசதுரக் கட்டை ஏறக்குறைய 65 கிலோ. அதைச் சும்மா வைத்தால் போதாது, தளத்தோடு ஒட்ட வேண்டும், எத்தனை கட்டை என்பதற்குக் காற்றுக் கணக்கும் வேண்டும். சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 வர்தாவையும் 2018 கஜாவையும் பார்த்த ஊர்களில் இந்தக் கணக்கைக் கேட்பது உங்கள் உரிமை.

வேலை தொடங்குமுன் சீலிங்கைப் படம் எடுத்து வைத்தவருக்கு இந்தத் தகராறு பாதி முடிந்துவிடும். இனிமேல்தான் போடப் போகிறவர்கள், எல்லா அறையின் சீலிங்கையும் இன்றே படம் எடுத்துவிடுங்கள்.

மானியம் வரவில்லை. வெண்டரிடமா கேட்பது?

மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000-தான். வராததற்குப் பெரும்பாலும் காரணம், வங்கிப் பெயரும் விண்ணப்பப் பெயரும் பொருந்தாதது, அல்லது ஈபி இணைப்பு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருப்பது. பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடம் விலைப்புள்ளி. "மானியம் போக 1,10,000" என்று எழுதுவார்கள். மானியம் வராவிட்டால் அந்த 78,000-ஐ யார் தருவது என்று எழுதியிருக்காது. முழு விலை, ஜிஎஸ்டி, மானியம் என்று மூன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி இப்போது பொருளுக்கு 5 சதவீதம், வேலைக்கு 18 சதவீதம். 70-க்கு 30 என்று பிரித்துக் கணக்கிடுவதால் மொத்தத்தில் 8.9 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்கு முன் இது 13.8. அதற்குப் பின் பில் போட்டவர் பழைய விகிதத்தை வாங்கியிருந்தால் வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நெட் மீட்டர் மாட்டவே இல்லை. ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்.

திட்டத்தின் போர்ட்டலில் (இணையதளத்தில்) உங்கள் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்த விவரத்தை வெண்டர் ஏற்றவில்லை என்றால் தாமதம் அவருடையது. ஏற்றியாகிவிட்டது என்றால் பந்து மின்வாரியத்தின் பக்கம். 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, அதன்பின் 15 நாட்களுக்குள் இயக்கிவைக்க வேண்டும். மின்வாரியத்தின் செக்ஷன் ஆபீஸில் ஏஇ-யிடம் (உதவிப் பொறியாளர்) எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்யலாம். அசையவில்லை என்றால் உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். இந்த இரண்டு இடமும் வாரியத்தின் மீதான புகாருக்கு மட்டும். வெண்டர் மீதான புகாரை அங்கே கொண்டுபோனால் நாள்தான் வீணாகும்.

கடைசித் தவணையைப் பிடித்து வைக்கலாமா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் தாராளமாக. இனிமேல் எழுதப் போகிறவர்கள், குறைந்தது 10 சதவீதத்தை நெட் மீட்டர் மாட்டி, உத்தரவாதத் தாள்களும் ஜிஎஸ்டி பில்லும் கைக்கு வந்தபிறகு தருவதாக எழுதுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாமல் நிறுத்தினால், குறை என்ன என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்தக் குறையைச் சரிசெய்ய ஆகும் தொகை அளவுக்கு மட்டும் நிறுத்துங்கள். வங்கிக் கடனில் போட்டிருந்தால் இஎம்ஐ-யை நிறுத்தவே வேண்டாம். வங்கி வெண்டருக்குப் பணம் கொடுத்தாயிற்று. தவணை தவறினால் கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண்.

நோட்டீஸ் எப்படி எழுதுவது? வக்கீல் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். கோபத்தை எழுதாதீர்கள், எண்களை எழுதுங்கள். இப்படி:

"தாங்கள் என் வீட்டு மாடியில் … தேதியில் 3.27 கிலோவாட் சோலார் அமைத்தீர்கள். நான் செலுத்திய தொகை ரூ. …, பில் எண் … . … தேதி முதல் 7 தெளிந்த நாட்களில் நாளொன்றுக்குச் சராசரி … யூனிட் மட்டுமே உற்பத்தியாகிறது, படங்கள் இணைப்பு. சட்டத்தின் வடகிழக்குக் கால் வழியாகச் சீலிங்கில் நீர் இறங்குவது … தேதிச் சோதனையில் தெரிந்தது. ஒப்பந்தப்படி 5 ஆண்டுப் பராமரிப்பு தங்கள் பொறுப்பு. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவற்றைச் சரிசெய்து தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தை அச்செடுத்து வையுங்கள். அதையே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கூடவே திட்டத்தின் போர்ட்டலில் வெண்டர் மீது புகார் பதியுங்கள். திட்டத்தின் வெண்டர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்ற அச்சத்தில் இறங்கி வருபவர்கள் உண்டு. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம், செலவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால்?

கொடுத்த விலை 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம் போதும், அதாவது எல்லா வீட்டுச் சோலாரும் அதற்குள் வந்துவிடும். 5 லட்சம்வரை கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஒப்பந்தத்தில் "கோவை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்று இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது. நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்ற பிரிவும் தடையில்லை. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை உறுதிசெய்துவிட்டது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

குறை தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்ற பேச்சிலேயே இந்தக் காலம் கரைந்துவிடும், அதனால் குறை தோன்றிய தேதியிலிருந்து கணக்கிட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல், ஆப் படங்களைத் தாக்கல் செய்யும்போது 2023 பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றுத் தாளும் இணைக்க வேண்டும். இன்னொரு வெண்டரிடம் பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள், கேட்கும் தொகைக்கு அதுதான் ஆதாரம். பேனலிலோ ஓட்டிலோ யாரையும் கை வைக்க விடுமுன் நிபுணர் ஆய்வு கேளுங்கள். சரிசெய்துவிட்ட குறையை எந்த நிபுணரும் பார்க்க முடியாது. மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று கேட்பது வழக்குக்கு வலு சேர்க்காது. பழுதுச் செலவு, இழந்த யூனிட்டின் மதிப்பு, சீலிங் வேலை, வழக்குச் செலவு, ஓரளவு இழப்பீடு என்று கணக்கோடு கேட்டால் காது கொடுப்பார்கள்.

ஆய்வு தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகிறது. தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் சிறைத் தண்டனைவரை போக ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

போலீஸில் புகார் கொடுக்கலாமா?

முன்பணம் வாங்கிவிட்டுப் பொருளே கொண்டுவராமல் மறைந்துவிட்டார், அல்லது பொய்யான பில், பொய்யான பதிவு எண் கொடுத்தார் என்றால் கொடுக்கலாம். மோசடிக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318. வேலை சரியில்லை, தாமதம் என்பதற்கெல்லாம் போனால் "சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

வெண்டர் கடையையே மூடிவிட்டார். எல்லாம் போயிற்றா?

போகவில்லை. பேனலுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் உண்டு, இன்வெர்ட்டருக்கும் தனி உத்தரவாதம் உண்டு. இவை இரண்டும் தயாரிப்பாளர் தருபவை. வரிசை எண்ணும் பில்லும் இருந்தால் அவர்களின் சேவை மையத்தில் நேரே பதியலாம். இன்வெர்ட்டரை உங்கள் பெயரில் ஆப்பில் பதிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல வீடுகளில் அது வெண்டரின் கணக்கிலேயே இருக்கிறது. அவர் போனால் பழைய உற்பத்திக் கணக்கும் கைவிட்டுப் போய்விடும், அதனால் பொறுப்பை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி இப்போதே எழுதிக் கேளுங்கள்.